ஸ்டூவர்ட் 10வி பழைய காஸ்டிங் கிட்: வாங்கி, கடைந்து, ஓடவிட்ட பிறகு எழுதும் மதிப்புரை

போன வருஷம் ஆடி மாதத்தில் பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்தியர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அந்த வீட்டு ஆன்ட்டி, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்துகொள்ள முடிவு செய்திருந்தார். கணவர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்தவர். இறந்து எட்டு வருஷம் ஆகிறது. கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டது. மிஞ்சியது ஒரு அட்டைப்பெட்டி. பழைய சாமான் எடுக்கிறவர் அதைத் தராசில் வைத்து இரும்பு விலை சொல்லியிருக்கிறார். என் சிநேகிதர் ஒருவர் அந்தத் தெருவில் குடியிருப்பதால் எனக்கு போன் வந்தது. "இரும்புக் கடைக்குப் போறதுக்குள்ள வந்து பாத்துடுங்க" என்றார். வில்லிவாக்கத்திலிருந்து அரை மணி நேரத்தில் அங்கே இருந்தேன்.

பெட்டிக்குள் இருந்தது ஸ்டூவர்ட் டர்னர் கம்பெனியின் 10வி மாடல் நீராவி எஞ்சின் கிட். அதாவது, நாமே கடைந்து எஞ்சினாகக் கட்டிக்கொள்ளவேண்டிய காஸ்டிங்குகளும் (வார்த்த துண்டுகள்) வரைபடமும். ஒரு துண்டுகூட லேத்தில் (கடைசல் மிஷினில்) ஏறாதது. ஒவ்வொரு காஸ்டிங்கையும் பழைய ஆங்கிலப் பேப்பரில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி வைத்திருந்தார் அந்த மனிதர். நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 31 வருஷம் வேலை பார்த்தவன். காஸ்டிங்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலே நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். அந்தச் சிலிண்டரை எடுத்துப் பார்த்த நிமிஷமே இதை விடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆன்ட்டி விலை கேட்டார். இரும்பு விலையைவிடக் கொஞ்சம் கூடச் சொல்லியிருந்தாலே கொடுத்திருப்பார். ஆனால் இது என்ன பொருள், சேகரிப்பவர்கள் இதை எப்படித் தேடுகிறார்கள் என்பதை உட்கார்ந்து விளக்கிச் சொல்லி, 20,000 ரூபாய் கொடுத்தேன். பணத்தை எண்ணாமலே வாங்கி வைத்துக்கொண்டார். "அவரு ரிட்டயர் ஆனதும் செய்யறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஓடினா எனக்கு ஒரு வீடியோ அனுப்புப்பா" என்றார். எனக்கு வயது 61. என்னை "அப்பா" போட்டுப் பேச இப்போது அதிகம் பேர் இல்லை.

இந்தக் கம்பெனியைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லி என்ற ஊர். அதன் பக்கத்தில் ஸ்டூவர்ட் டர்னர் என்பவர் 1898-ல் தன் முதல் மாடல் எஞ்சினுக்கான காஸ்டிங்குகளை விற்கத் தொடங்கினார். வார்த்த இரும்பையும் வரைபடத்தையும் கொடுத்து, மிச்சத்தை வாங்குகிறவரே லேத்தில் செய்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். வீட்டில் சின்ன லேத் வைத்திருக்கும் ஆட்கள் அந்த நாட்டில் நிறைய. ஸ்டூவர்ட் டர்னர் கம்பெனி இன்றைக்கும் ஹென்லியில் தண்ணீர் பம்பு தயாரிக்கிறது. மாடல் எஞ்சின் தொழில் மட்டும் பிற்காலத்தில் கை மாறி கெர்ன்சி தீவுக்குப் போனது. அதனால் பழைய கிட் தேடுகிறவர்கள் முதலில் வரைபடத்தில் உள்ள முகவரியைப் பாருங்கள். ஹென்லி என்று இருந்தால் பழையது. என்னுடையதில் ஹென்லி.

10வி என்பதில் 'வி' நின்றவாக்கில் உள்ள எஞ்சினைக் குறிக்கும். இதே சிலிண்டரைப் படுக்கவைத்தால் 10ஹெச். சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், பிஸ்டன் நகரும் தூரமும் முக்கால் அங்குலம், ஃப்ளைவீல் 3 அங்குலம். கட்டி முடித்தால் ஒரு சாண் உயரம்கூட வராது. ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் பெரிய எஞ்சினில் இருப்பதுதான்: பிஸ்டனின் இரண்டு பக்கமும் மாறி மாறி நீராவி, நீராவியைத் திறந்து மூடும் ஸ்லைடு வால்வு, அந்த வால்வை ஆட்டும் மையம் விலகிய தட்டான எக்சென்ட்ரிக், பிஸ்டன் ராடை நேராக நடத்தும் கிராஸ்ஹெட், ராடு வெளியே வரும் இடத்தில் ஆவி கசியாமல் அடைக்கும் கிளாண்ட். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் 2010-ல் உயிர் கொடுத்தார்களே, 1855-ல் லீட்ஸில் செய்த இஐஆர் 21 என்ற நீராவி ரயில் எஞ்சின், அதன் சிலிண்டரிலும் நீராவியைத் திறந்து மூடுவது ஸ்லைடு வால்வுதான். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது ஓடியபோது பிளாட்பாரத்தில் நின்று பார்த்தவன் நான். அதே வேலையைச் செய்யும் வால்வு ஒன்று, என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது, இந்தப் பெட்டியில் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) இருந்தது.

இனி தரம். வார்ப்பு பிரமாதம். சிலிண்டரில் ஊசி ஓட்டை ஒன்றுகூட இல்லை. ஃப்ளைவீலின் ஆரங்கள் ஒரே கனம். பேஸில் மண் ஒட்டிய இடம் இல்லை. அறுபது வருஷம் சென்னைக் காற்றில் கிடந்தும் மேல் துரு மட்டும்தான். அந்த மனிதர் கிரீஸ் தடவி வைத்திருந்தார். வார்ப்பிரும்புக்கு மேல் தோல் கடினமாக இருக்கும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதல் வெட்டு அந்தத் தோலுக்கு அடியில் போகவேண்டும். பயந்து பயந்து மேலாகச் சீவினால் டூல் முனை மழுங்கிப் போகும். இந்தக் காஸ்டிங்கில் தோலுக்கு அடியில் இறங்கியதும் இரும்பு மாவு மாதிரி உதிர்ந்தது. கூலன்ட் எதுவும் விடவில்லை. வார்ப்பிரும்பை உலர்வாகத்தான் கடையவேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மூக்குத் துவாரமெல்லாம் கறுப்பு.

எனக்குச் சொந்த லேத் கிடையாது. கூட வேலை பார்த்த ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வேலை முடித்த பிறகு சாயங்காலம் 6 மணிக்கு மேல் எனக்கு மிஷினை விட்டுக்கொடுத்தார். கரண்ட் பில்லுக்கு ஒரு தொகை, அப்புறம் இரண்டு பேருக்கும் டீயும் வடையும். இந்த வசதிக்காகவே சொல்கிறேன், இந்த மாதிரி கிட் கட்டுவதற்குச் சென்னையைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியவில்லை. அம்பத்தூர், கிண்டி, பெருங்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு லேத் சுற்றிக்கொண்டிருக்கும். கேட்டால் சொல்லித் தர ஒரு கை இருக்கும்.

ஆனால் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு 10ஹெச் கிட் வாங்கினேன். அப்போது நான் வேலையில் இருந்தேன், நேரம் இல்லை. சிலிண்டரைப் போரிங் போட்டுத் தரச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டேன். அவசரத்தில் மூன்று ஜா சக்கில் (மூன்று தாடையும் ஒன்றாக நகரும் லேத் பிடி, வட்டமான துண்டுக்குத்தான் சரி) பிடித்துத் துளை போட்டுவிட்டார்கள். காஸ்டிங்கின் வெளிப்பக்கம் வட்டமே கிடையாது. அதை எப்படி மூன்று ஜாவில் பிடிப்பது? துளை ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒருபக்கச் சுவர் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சிலிண்டர் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதனால் 10வி-க்கு ஒவ்வொரு வெட்டும் நானே போட்டேன். ஒவ்வொரு தாடையும் தனியாக நகரும் நாலு ஜா சக், மையம் விலகினால் காட்டும் டயல் இண்டிகேட்டர், பொறுமை.

கிட்டின் வரைபடம் பற்றி. ஒரே தாளில் எல்லா பாகமும், எல்லா அளவும் அங்குலத்தில், பின்னத்தில். டூல் ரூமில் மில்லிமீட்டரில் பழகியவர்களுக்கு முதலில் தடுமாறும். 3/32 என்றால் 2.38 மில்லிமீட்டர் என்று பக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். வரைபடம் என்ன செய்யவேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது; எந்த வரிசையில் செய்யவேண்டும் என்பதைச் சொல்வதில்லை. லேத் தெரியாதவர் இதை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினால் நடுவில் மாட்டிக்கொள்வார். இது ஒரு குறைதான்.

வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு ஸ்டாண்டர்டைச் சொல்கிறேன். சிலிண்டரைத் தாங்கி நிற்கும் தூண் அது. அதன் நடுவில் கிராஸ்ஹெட் மேலும் கீழும் வழுக்கிப் போக ஒரு துளை போடவேண்டும். மேலே சிலிண்டர் உட்காரும் முகம். இந்தத் துளையும் அந்த முகமும் ஒன்றுக்கொன்று நேர் செங்குத்தாக இருந்தே தீரவேண்டும். அப்போதுதான் சிலிண்டரின் மையமும் கிராஸ்ஹெட்டின் மையமும் ஒரே கோட்டில் வரும். இரண்டையும் ஒரே பிடியில், சக்கிலிருந்து கழற்றாமல் செய்துவிட்டால் தானாகச் சரியாக வரும். கழற்றி மாற்றிப் பிடித்தால் எவ்வளவு டயல் வைத்தாலும் கொஞ்சம் தப்பும். தப்பினால் பிஸ்டன் ராடு கிளாண்டில் ஒரு பக்கமாக உரசும், எஞ்சின் ஒரு சுற்றில் ஒரு இடத்தில் இறுகும். நான் இதற்கு மட்டும் மூன்று சாயங்காலம் எடுத்துக்கொண்டேன். பிடிப்பதற்கே இரண்டு சாயங்காலம். வெட்டியது ஒரு மணி நேரம்.

ஃப்ளைவீலைச் சுற்றவைக்கும் கிராங்க்ஷாஃப்ட் ஒரே துண்டு ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கியது). லேத்தின் இரண்டு சென்டருக்கு (கூர்முனைக்கு) நடுவில் வைத்து, மையத்தைத் தள்ளிப் பிடித்து கிராங்க் பின்னைக் கடையவேண்டும். அப்புறம் பேரிங்கில் உட்காரும் மெயின் ஜர்னல்களைக் கடையும்போது, கிராங்க் பின்னின் இரு பக்கமும் உள்ள இரண்டு வெப்புக்கும் (கைகளுக்கும்) நடுவில் உள்ள இடைவெளியில் சரியான கனத்தில் ஒரு இரும்புத் துண்டை வைத்து அடைத்துவிடவேண்டும். இல்லையென்றால் சென்டரின் அழுத்தத்தில் ஷாஃப்ட் வளையும். கழற்றிய பிறகுதான் தெரியும். பட்டறைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "இந்தச் சின்னதுக்கு இவ்ளோ வேலையா அண்ணே?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து அவரே பழைய ஹேக்ஸா பிளேடை அறுத்து, தேய்த்து, எனக்கு அந்தத் துண்டைச் செய்துவைத்திருந்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

என்னை உண்மையில் அலையவைத்தது திருகுமரைகள். இந்தக் கிட் முழுக்க பிஏ மரை. பிரிட்டிஷ் அசோசியேஷன் மரை என்பது விரிவு. மீட்டர், டெலிபோன், மின்சாரக் கருவிகளில் எல்லாம் ஒரு காலத்தில் இதுதான். 0பிஏ சரியாக 6 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்). அடுத்தடுத்த எண்ணுக்குப் பிட்ச் பத்தில் ஒன்பது பங்காகக் குறைந்துகொண்டே போகும். எண் கூடினால் திருகு சிறியது. மரையின் கோணம் 47.5 டிகிரி. நாம் கடையில் வாங்கும் மெட்ரிக் மரை 60 டிகிரி. 7பிஏ திருகின் விட்டம் 2.5 மில்லிமீட்டர்; எம்2.5 நட்டும் அதே விட்டம்தான் என்று நினைத்து மாட்டினால் இரண்டு மரை ஏறும், அப்புறம் கடிக்கும். கோணமும் பிட்ச்சும் வேறு. கிட்டோடு வந்த ஸ்டட்டுகளும் நட்டுகளும் ஒரு சின்ன உறையில் இருந்தன; எண்ணிப் பார்த்தால் நான்கு நட்டு குறைவு.

மரை வெட்டும் டேப்பும் (துளைக்குள்) டையும் (கம்பிமேல்) தேடி பாரிமுனைக்குப் போனேன். செம்புதாஸ் தெருவில் ஆறு கடை ஏறி இறங்கினேன். முதல் ஐந்து கடையில் "பிஏ-வா? அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்கறாங்க" என்ற பதில்தான். ஆறாவது கடையில் ஒரு பெரியவர் எதுவும் பேசாமல் ஏணி போட்டு மேல் தட்டில் ஏறினார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய 5பிஏ, 7பிஏ டேப், டை செட் இரண்டும் எடுத்துக் கொடுத்தார். மேலே இருந்த தூசியை வேட்டி முனையில் துடைத்து, வெளிச்சத்தில் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். பழைய ஸ்டாக், பழைய விலையோடு கொஞ்சம் சேர்த்து வாங்கினார். நட்டு அவரிடம் இல்லை. பித்தளை அறுகோணக் கம்பி வாங்கி நாலு நட்டையும் நானே செய்துகொண்டேன். அவசரத்துக்கு மெட்ரிக்கில் மாற்றி ரீடேப் செய்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். செய்திருந்தால் எஞ்சின் ஓடும். ஆனால் பழைய எஞ்சினில் பெரிய அறுகோணத் தலையோடு மெட்ரிக் நட்டுகள் துருத்திக்கொண்டு நிற்கும். தெரிந்தவன் கண்ணில் அது முள் மாதிரி குத்தும். மாற்றாதீர்கள்.

பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. நடுவில் ஒரு காடி, அதில் கிராஃபைட் தடவிய நூலைச் சுற்றி அடைக்கவேண்டும். கிளாண்டிலும் அதே நூல். இப்போது பலர் ஓ-ரிங் போடுகிறார்கள், அதுவும் நன்றாகத்தான் ஓடும். நான் நூலே போட்டேன். கேஸ்கெட்டுக்குப் பழுப்புக் காகிதத்தை எண்ணெயில் ஊறவைத்து வெட்டினேன். ஸ்லைடு வால்வின் முகத்தையும் சிலிண்டரில் அது உட்காரும் முகத்தையும் தடித்த கண்ணாடி மேல் மெல்லிய எமரி பேப்பர் விரித்து 8 போடுகிற மாதிரி தேய்த்தேன். முழு முகமும் ஒரே சாம்பல் நிறமாக வரும்வரை தேய்க்கவேண்டும். ஒரு மூலை மினுங்கினால் அங்கே மேடு.

அப்புறம் வால்வை வைப்பது. இந்த எஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். சிலிண்டரின் பக்கவாட்டு முகத்தில் மூன்று வாய் இருக்கிறது. மேல் வாய் பிஸ்டனுக்கு மேலே போகிறது, கீழ் வாய் பிஸ்டனுக்குக் கீழே. நடு வாய் வெளியேற்றம். வால்வு ஒரு கவிழ்த்த கிண்ணம் மாதிரி இந்த மூன்றின் மேலும் வழுக்குகிறது. ஒரு முனை வாயைத் திறந்து நீராவியை உள்ளே விடும்போது, கிண்ணத்தின் உட்குழி மறுமுனை வாயையும் நடு வாயையும் சேர்த்து மூடி, பழைய ஆவியை வெளியே அனுப்புகிறது. முதலில் பிஸ்டனை மேல் முட்டில் வைத்து வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்கவேண்டும், பிறகு கீழ் முட்டில். இரண்டும் சமமாக வரும்வரை வால்வை அதன் கம்பியில் மேலோ கீழோ நகர்த்தவேண்டும். அது சரியான பிறகு எக்சென்ட்ரிக்கைத் தளர்த்தி, பிஸ்டன் முட்டும் நேரத்தில் வாய் மயிரிழை திறக்கும்படி திருப்பி இறுக்கவேண்டும். கிராங்க்குக்கு எக்சென்ட்ரிக் 90 டிகிரிக்கும் கொஞ்சம் முன்னால் போய் நிற்கும். டார்ச் லைட்டும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைச் செய்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.

முதல் ஓட்டம் நீராவியில் வேண்டாம், காற்றில் பாருங்கள். எங்கள் தெருமுனை பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் இருக்கிறது. ஸ்ப்ரே பெயின்ட் வேலைக்கு வைக்கும் சின்ன ரெகுலேட்டர் ஒன்றை நடுவில் மாட்டி, ஸ்டூல் மேல் எஞ்சினை வைத்தேன். ரெகுலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஃப்ளைவீலை விரலால் ஒரு தள்ளு தள்ளினேன். இரண்டு சுற்று சுற்றி நின்றது. கிளாண்ட் நட்டைக் கால் சுற்று தளர்த்தி மறுபடி தள்ளினேன். பிடித்துக்கொண்டது. சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தத்துக்கும் கீழேயே ஓடியது. சத்தம் தையல் மிஷின் மாதிரி. டியூப் மாற்ற வந்த ஒரு பையன் குனிந்து பார்த்துக்கொண்டே, "சார், இதுல பெட்ரோல் எங்க ஊத்துவீங்க?" என்று கேட்டான். காற்றுதான், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லி ரெகுலேட்டரை அவன் கையில் கொடுத்தேன். மூடினால் மெதுவாகி நிற்பதையும், திறந்தால் உயிர் வருவதையும் அவன் பத்து தடவையாவது செய்து பார்த்திருப்பான். கடைக்காரர் காற்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த வீடியோவைத்தான் ஆன்ட்டிக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "இந்தச் சத்தத்துக்குத்தான் அவர் காத்துட்டு இருந்தாரா? நல்லா இருக்குப்பா."

நீராவிக்குப் பாய்லர் தனியாக வேண்டும். கிட்டில் அது வராது. நான் செம்புக் குழாயில் செய்தேன். ஏசி ரிப்பேர் செய்யும் ஒருவர் 45 சதவீத வெள்ளி ராடு வைத்து பிரேஸிங் போட்டுக் கொடுத்தார். சேஃப்டி வால்வு 30 பவுண்டில் திறக்கும். அதற்கு இரண்டு மடங்கு, 60 பவுண்டு, பச்சைத் தண்ணீரில் பம்பு அடித்து அரை மணி வைத்துப் பார்த்த பிறகுதான் அடியில் தீ வைத்தேன். தண்ணீரில் சோதித்தால் எங்காவது விட்டாலும் ஒரு சொட்டு கசிவதோடு போகும். காற்றிலோ ஆவியிலோ சோதித்தால் வெடிக்கும். குக்கர் மூடியில் குழாய் மாட்டி ஓட்டலாமா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம். குக்கரில் ஆவி போகும் வழியை நீங்கள் எஞ்சினுக்குத் திருப்பிவிட்டால் அதற்கு மிஞ்சிய பாதுகாப்பு அந்தச் சின்ன சேஃப்டி வால்வுதான்.

எரிபொருளுக்கு நான் கேஸ் பர்னரையே வைத்துக்கொண்டேன். ஸ்பிரிட் விளக்கு அழகாக எரியும், ஆனால் மெத்தில் கலந்த ஸ்பிரிட்டை வாங்கவும் வைத்திருக்கவும் நம் மாநிலத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. காரணமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பூஜைக் கற்பூரத்தை வைத்து ஒரு தடவை முயன்றேன். பாய்லரின் அடி முழுக்கக் கரி அப்பிக்கொண்டது. தேய்த்து எடுக்க அரை நாள். தண்ணீருக்கு எங்கள் போர் தண்ணீரை விட்டால் இரண்டே மாதத்தில் உள்ளே சுண்ணாம்பு படியும். மழைத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாட்டிலில் வைத்திருக்கிறேன். எண்ணெய்க்கு 460 கிரேடு ஸ்டீம் சிலிண்டர் எண்ணெய். சாதாரண எஞ்சின் ஆயில் நீராவிச் சூட்டில் கழுவிக்கொண்டு போய்விடும்.

என்னிடம் இதே காலத்து மாமோட் எஸ்இ2 என்ற பொம்மை நீராவி எஞ்சின் ஒன்றும் இருக்கிறது. மாமோட் 1937-ல் பர்மிங்காமில் ஜெஃப்ரி மாலின்ஸ் தொடங்கியது. அது கிட் இல்லை, கட்டி முடித்து வரும் பொம்மை. பித்தளைப் பாய்லர், சிலிண்டரே இப்படியும் அப்படியும் ஆடி வாயைத் திறந்து மூடும். வால்வு என்று தனியாக ஒன்று கிடையாது. தண்ணீர் ஊற்றி, பற்றவைத்து, பத்து நிமிஷத்தில் ஓடும். என் பேத்திக்கு அதுதான் பிடிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, லேத் பக்கமே போகாதவர்களுக்கு, நான் மாமோட்டைத்தான் சொல்வேன். ஒரே எச்சரிக்கை: பழைய மாமோட்டைத் தண்ணீர் வற்றிய பிறகும் எரியவிட்டால் பாய்லரின் ஈயப் பற்று உருகிவிடும். வாங்கும்போது பாய்லரின் இரண்டு முனை மூடியையும் சுற்றிலும் பாருங்கள்; பற்று வழிந்து மறுபடி உறைந்த தடம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடையாத கிட்டைக் கடையலாமா என்பது சேகரிப்பவர்களிடையே ஒரு வாக்குவாதம். எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல சேகரிப்பு வைத்திருப்பவர், நான் 10வி-யை லேத்தில் ஏற்றப்போகிறேன் என்றதும் வருத்தப்பட்டார். பெட்டியோடு, பேப்பரோடு, தொடாமல் இருந்தால் மதிப்பு ஏறிக்கொண்டே போகும் என்றார். விலையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் இந்த இரும்பை வார்த்தவர்கள் ஒவ்வொரு முகத்திலும் வெட்டி எடுப்பதற்கென்றே கூடுதல் கனம் விட்டு வார்த்திருக்கிறார்கள். துளை போடவேண்டிய இடத்தில் வரைபடத்தில் சென்டர் குறி போட்டிருக்கிறார்கள். அந்த ஃபிட்டர் கிரீஸ் தடவி வைத்தது ஓட்டுவதற்காக. நான் கடையத்தான் செய்வேன். கடைவதற்கு முன்னால் ஒவ்வொரு காஸ்டிங்கையும் நாலு பக்கமும் படம் எடுத்தேன். அசல் வரைபடத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. ஜெராக்ஸ்தான் எண்ணெய்க் கைபட்டுக் கிழிந்தது. சுற்றியிருந்த பேப்பர்கள், உறை, அட்டைப்பெட்டி எல்லாம் அப்படியே இருக்கின்றன.

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. "முழுக் கிட்" என்று போட்டிருந்ததை நம்பி ஒருவரிடம் வாங்கினேன். வந்து பிரித்தால் வால்வு இருக்கும் அறையான வால்வு செஸ்ட்டின் மூடி இல்லை, எக்சென்ட்ரிக்கைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்ட்ராப் இல்லை. எழுதிக் கேட்டதற்கு, படத்தில் இருந்ததைத்தானே அனுப்பினேன் என்று பதில். அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான்: பாக எண்களுள்ள வரைபடத்தை விற்பவருக்கு அனுப்பி, ஒவ்வொரு துண்டையும் அந்த எண் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். தயங்கினால் வேண்டாம் என்று விட்டுவிடுவேன். காஸ்டிங் ஒன்று உடைந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ பெரும்பாலும் சமாளிக்கலாம். பாதி கடைந்து கெட்டுப்போன சிலிண்டரோடு வரும் கிட்தான் ஆபத்து. என் அலமாரியில் இருப்பதைப் போல.

கணக்கு: கிட் 20,000, டேப் டை மற்ற சாமான் 4,200, பாய்லருக்குச் செம்பும் பிரேஸிங்கும் 6,500, லேத் நேரத்துக்கு 3,000. வேலை எட்டு மாதம், வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம். வார்ப்புக்கும் வடிவமைப்புக்கும் என்னிடம் ஒரு குறையும் இல்லை. வரைபடம் லேத் தெரிந்தவருக்கு மட்டும் போதும். ஓட்டத்தில், 15 பவுண்டில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டினேன். பேரிங் கை பொறுக்கும் சூடுதான். கிளாண்டில் மட்டும் இன்னும் லேசாக ஆவி கசிகிறது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி எண்ணெய் போடாமல் விட்டதில் ஃப்ளைவீல் விளிம்பு துருவேறிப் பழுத்துவிட்டது. கடைந்த வார்ப்பிரும்பை நம் ஊர்க் கடல்காற்றில் ஒரு ராத்திரிகூட வெறுமனே விடாதீர்கள்.

அடுத்து அந்த 10ஹெச்-க்கு ஒரு சிலிண்டர் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது தனிச் சிலிண்டர் காஸ்டிங் இருந்தால் சொல்லுங்கள், சரியான விலை தருகிறேன். கடையாத கிட் வைத்துக்கொண்டு மரைக்காகத் தயங்கிக்கொண்டிருப்பவர்கள் இருந்தால், 5பிஏ, 7பிஏ டேப்பும் டையும் என்னிடம் இருக்கின்றன. வில்லிவாக்கம் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். வேலை முடிந்ததும் எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும்.